ஒரு மணி நேரம்னா 60 நிமிஷம்னு யார் சொன்னா?

கடிகாரம் வர்றதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஒரு மணி நேரம்னா எவ்வளவுன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். எந்த மாசம்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன். ஏன்னா சூரியன் உதிச்சு அடையிற வரைக்குமான பொழுதை 12ஆ வகுத்தா வர்றதுதான் அப்ப ஒரு மணி நேரம். லண்டன்ல ஜூன் மாசம் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர்ல எட்டு கூட தேறாது. அதனால கோடையில ஒரு மணி நம்ம கணக்குல 80 நிமிஷத்தைத் தாண்டும், குளிர்காலத்துல சுமார் 40 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

நம்ம ராகு காலமும் இதே ரகம்தான், பகலை எட்டா பிரிச்சதுல ஒரு பங்கு. உதயம் 6 மணின்னு வச்சுக்கிட்டுதான் திங்கட்கிழமை 7.30லேர்ந்து 9ன்னு காலண்டர்ல போடுறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது, ஆனா டிசம்பர்ல லண்டன்ல உக்காந்துக்கிட்டு சென்னைக் காலண்டரைப் பாத்து 7.30க்கு வீட்டை விட்டு கிளம்ப மாட்டேங்கிறவங்களை என்ன சொல்ல, அங்க அந்நேரத்துக்கு சூரியனே எந்திரிச்சிருக்காதே!

சரி, விஷயத்துக்கு வருவோம். மடாலயத்துல துறவிங்க நடுராத்திரியும் எழுந்து ஜெபம் பண்ணணும், நிழல் கடிகாரம் ராத்திரிக்கு உதவாது, தண்ணிக் கடிகாரம் குளிர்ல உறைஞ்சிடும். 13ம் நூற்றாண்டு முடியிற சமயத்துல யாரோ ஒருத்தர், பேர் கூட பதிவாகல, உருளையில கயித்தைச் சுத்தி குண்டு கட்டி தொங்கவிட்டாங்க. குண்டு இறங்கும்போது உருளை சுத்தும், உருளை பல்சக்கரங்களைச் சுத்தும். ஆனா சும்மா விட்டா குண்டு வேகம் எடுத்து தடதடன்னு கீழ வந்து விழுந்திடும். அதைக் கொஞ்சம் விட்டு, நிறுத்தி, திரும்ப விடணும்.

இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச எஸ்கேப்மென்ட்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கிரீடம் மாதிரி ஒரு சக்கரம், பக்கவாட்டுல ரம்பப் பல்லுங்க. அதுக்கு முன்னாடி செங்குத்தா ஒரு தண்டு, அதுல மேல ஒரு தகடு, கீழ ஒரு தகடு, ரெண்டும் வேற வேற திசையில நீட்டிக்கிட்டு இருக்கும். சக்கரத்தோட மேல் பல்லு மேல் தகட்டைத் தள்ளும், தண்டு ஒரு பக்கம் திரும்பும், பல்லு நழுவும், அதே நேரம் கீழ் தகடு வந்து கீழ இருக்குற பல்லை மறிக்கும். சக்கரத்தோட மேல் பாதி ஒரு திசையில போனா கீழ் பாதி எதிர்த் திசையில போகும் இல்லையா, அதனால அந்தக் கீழ் பல்லு தண்டை வந்த வழியே திருப்பி அனுப்பும், திரும்ப மேல் தகடு வந்து மறிக்கும்... இப்படியே டக், டக். பல்லுங்க எண்ணிக்கை ஒத்தைப்படையா இருக்கும், அப்பத்தான் மேல பல்லு இருக்கும்போது நேர் கீழ இடைவெளி வரும். தண்டு உச்சியில குறுக்கா ஒரு கம்பி, ஃபோலியட்னு பேரு, ரெண்டு முனையிலயும் சின்ன எடைங்க. எடையை வெளிய தள்ளினா ஆட்டம் மெதுவாகும், உள்ள இழுத்தா வேகமாகும். தினம் கால் மணி நேரம் முன்னபின்ன ஓடுறது சகஜம், அதனால நிமிஷ முள்ளே வைக்கல. இங்கிலாந்துல சால்ஸ்பரி தேவாலயத்துல 1386ஐச் சேர்ந்ததா சொல்லுற கடிகாரத்துக்கு முகமே இல்ல, மணி மட்டும் அடிக்கும்.

அதே இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துல ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டுன்னு ஒரு மடாதிபதி, கொல்லர் மகன், வானியல் கடிகாரம் ஒண்ணுக்காக காசைக் கொட்டினார். கோயில் இடிஞ்சு கிடக்குது, இங்க கடிகாரம் கேக்குதான்னு ராஜா மூணாம் எட்வர்ட் கடிஞ்சுக்கிட்டார். கட்டடத்தை எனக்கு அப்புறம் யார் வேணா கட்டலாம், இதை முடிக்க வேற ஆள் இல்லன்னு பதில் சொன்னதா மடத்து வரலாறு சொல்லுது. 1336ல அவர் இறந்த பிறகுதான் வேலை முடிஞ்சது. இன்னைக்கு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டா "இதனால உடனே என்ன லாபம்"னு கேக்குறவங்க பக்கத்துல இவரை உக்கார வைக்கணும்னு தோணும்.

அதே 1336ல மிலான்ல ஒரு தேவாலயக் கோபுரக் கடிகாரம் ராத்திரி பகல் 24 மணியும் அடிக்க ஆரம்பிச்சிருந்தது, எல்லா மணியும் ஒரே நீளம். துணி நெய்யிற ஊர்ல முதலாளிங்களுக்கும் மணியோசை வசதியாப் போச்சு. 1355ல பிரான்ஸ்ல ஏர்-சுர்-லா-லிஸ்ங்கிற ஊர் நெசவுத் தொழிலாளிங்க வேலை நேரத்தை அறிவிக்க மணிக்கூண்டு கட்ட அனுமதி வாங்குச்சு. விடிஞ்சா வேலை, இருட்டினா வீடுன்னு இருந்தவங்களுக்கு இது ஒத்துவருமா? 1367ல தெருவான் ஊர்ல தொழிலாளிங்க எதிர்ப்பு தாங்காம, வேலை மணியை இனிமே அடிக்கவே மாட்டோம்னு தேவாலயத்துக்காரங்க வாக்கு குடுக்க வேண்டியதாச்சு.

ஜப்பான்காரங்கதான் கில்லாடிங்க. ஐரோப்பியர்கிட்ட இருந்து கடிகாரம் வாங்கி, தங்களோட நீண்டு சுருங்குற மணியை விடாம, ஒரே கடிகாரத்துல பகலுக்கு ஒரு ஃபோலியட், ராத்திரிக்கு ஒரு ஃபோலியட்னு ரெண்டு வச்சாங்க, விடியும்போதும் அடையும்போதும் அதுவே மாறிக்கும், பருவத்துக்கு ஏத்த மாதிரி எடையை மட்டும் நகர்த்தணும். 1873 ஜனவரி 1ல அரசாங்கம் சம மணிக்கு மாறுற வரைக்கும் அதுதான் ஓடிச்சு.