நடந்தால் முழங்கால் தேயுமா?

"எக்ஸ்-ரே பார்த்துவிட்டு முழங்கால் மூட்டில் தேய்மானம் என்கிறார்கள். இனி நடையைக் குறைத்துக்கொண்டால் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வேண்டாம், குறைத்தால்தான் கெடும். ஒரே வரியில் இப்படிச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம், முன்னால் ஒரு சில்லு, சுற்றிலும் ஓர் உறை, அதற்குள் கொஞ்சம் வழவழப்பான திரவம். எலும்பு நுனிகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குக் குருத்தெலும்பு. இவ்வளவும் பள்ளியில் படித்ததுதான். அந்தக் குருத்தெலும்பின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெறும் தண்ணீர் என்பதை மட்டும் பாடப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

தண்ணீரை அங்கே பிடித்துவைப்பது அக்ரிகான் என்ற பெரிய மூலக்கூறு. அதன் கிளைகள் முழுக்க எதிர்மின்னூட்டம். அவை ஒன்றையொன்று விலக்கி விரியப் பார்க்கின்றன. சோடியம் அயனிகளை இழுக்கின்றன. அயனிகளைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே வருகிறது. விட்டால் திசு ஊதிக்கொண்டே போகும். போகவிடாமல் இழுத்துக் கட்டியிருப்பது கொலாஜன் என்ற புரதத்தின் இழைகளாலான வலை. வீங்கத் துடிக்கும் ஒன்றையும் அதை விடாமல் பிடிக்கும் மற்றொன்றையும் சேர்த்துத்தான் நாம் குருத்தெலும்பு என்கிறோம்.

நடக்கும்போது காலை ஊன்றியதும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் தப்பிக்க நானோமீட்டர் அளவுத் துளைகள்தான் வழி. சட்டென்று வெளியேற முடியாத தண்ணீரில் அழுத்தம் ஏறி, சுமையின் பெரும்பகுதியை அதுவே தாங்கிக்கொள்கிறது. திடமான பாகங்கள் ஒன்றோடொன்று உரசுவது சொற்பம். மெக்கட்சன் என்பவர் 1959இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். மூட்டின் உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.01-க்கும் கீழே இறங்குவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் அசையாமல் நின்றால் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்துவிடும், உராய்வும் ஏறும். அப்படியானால் நாள் முழுக்கச் சுமை தாங்கும் மூட்டு மாலைக்குள் வற்றிப்போக வேண்டுமே? காலைத் தூக்கும்போது சுமை விலகி, தண்ணீர் திரும்பி ஊறும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டேவிட் பர்ரிஸ் குழுவினர் சுமையை எடுக்காமலேயே சோதித்துப் பார்த்தார்கள். மாட்டின் முழங்காலிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டைக் கண்ணாடியின் மேல் வைத்து அழுத்தினார்கள். அசையாமல் இருந்தவரை அது தண்ணீரை இழந்து மெலிந்தது. அதே சுமையோடு, நடையின் வேகத்தில் கண்ணாடியை நகர்த்தியதும் துண்டு மறுபடி தடித்தது, உராய்வு சரிந்தது. நிறுத்தினால் மெலிகிறது, நகர்த்தினால் தடிக்கிறது! துண்டின் மேற்பரப்பு வளைவானது. அதன் ஓரத்தில் கண்ணாடிக்கும் திசுவுக்கும் இடையே ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போகும் ஓர் இடுக்கு உண்டு. நகரும் பரப்பு திரவத்தை அந்த இடுக்குக்குள் இழுத்துப்போக, அங்கே அழுத்தம் கூடி, திரவம் திசுவுக்குள் ஏறிவிடுகிறது. 2017இல் வெளியான இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மசகெண்ணெயை அசைவே உள்ளே செலுத்திக்கொள்கிறது!

இன்னொன்று, குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதன் செல்களுக்கு உணவு முக்கியமாக இந்தத் திரவத்தின் வழியாகத்தான். நடையை நிறுத்துகிறவர் அதன் பட்டினிக்கும் வழிசெய்கிறார்.

தேய்மான நோய் வரும்போது என்ன ஆகிறது? நொதிகள் அக்ரிகானை அரிக்கின்றன, கொலாஜன் வலை நைந்துபோகிறது. வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் குருத்தெலும்பில் தண்ணீர் கூடுகிறது. வலை தளர்ந்ததால் திசு ஊதி மெத்தென்று ஆகிவிடும். அழுத்தத்தில் தண்ணீரை நிறுத்திவைக்க அதனால் முடியாது. சுமை திடப் பகுதியின் தலையில் விழுகிறது. பிறகு உறையில் அழற்சி, எலும்பு ஓரங்களில் முளைகள். வலிப்பது இந்த உறையும் எலும்பும்தான். குருத்தெலும்புக்கு நரம்பே இல்லை. எக்ஸ்-ரேயில் மோசமாகத் தெரியும் முழங்கால் சிலருக்கு வலிப்பதேயில்லை, லேசான மாற்றம் உள்ளவர் படியேற முடியாமல் தவிக்கிறார். படத்தைப் பார்த்துப் பயந்து முடங்க வேண்டியதில்லை.

நைந்த வலையை உடல் திரும்பப் பின்னுமா? 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்துக் குருத்தெலும்பின் வயதை டென்மார்க் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முழங்காலின் கொலாஜன் வளரும் பருவத்தில் உருவானது. அதன்பின் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2016இல் தெரிவித்தார்கள். மாத்திரையில் குருத்தெலும்பு வளரும் என்று விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள். அப்படி விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் இரண்டையும் 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வில் (2006) ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட அவை மேலாக இல்லை. செம்பு வளையல், காந்தப் பட்டை பற்றிச் சொல்லவே வேண்டாம். உடற்பயிற்சிக்கு உற்பத்தியாளர் இல்லை, விளம்பரம் செய்ய ஆளும் இல்லை. அதன் ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் இன்னும் தாராளமாக வர வேண்டும் என்பது என் கட்சி.

வாசகிக்கு: நடங்கள், ஆனால் அளவை மெல்லக் கூட்டுங்கள். நடக்கையில் லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால், வீங்கினால், அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கிச் சில விநாடி பிடித்து இறக்குவது எளிய தொடக்கம். மீதியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அதிக எடை இருந்தால் குறையுங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. வலிக்கு முதலில் மேலே தடவும் ஜெல், பிறகுதான் மாத்திரை, அதுவும் மருத்துவரைக் கேட்டு. திடீர் வீக்கம், காய்ச்சல், மடக்கவோ நீட்டவோ முடியாமல் மூட்டு சிக்கிக்கொள்வது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எதற்கும் மசியாமல் தூக்கத்தையும் கெடுக்கும் வலிக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நல்ல வழி. கைத்தடி வாங்கினால், வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். பலர் அதே பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தடியால் பலனில்லை என்கிறார்கள்.