ஷாக் இதயத்தை ஓட வைப்பதில்லை, நிறுத்துகிறது

மும்பையின் மாட்டுங்கா மார்க்கெட்டிலோ சயான் பிளாட்பாரத்திலோ ஒருவர் சரிந்து விழுகிறார். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து திறந்து இழுப்பதை மூச்சு என்று நம்பித்தான் பலர் நேரத்தை இழக்கிறார்கள். ஒருவர் 108-க்கோ 112-க்கோ போன் போட, இன்னொருவர் நெஞ்சை அழுத்த, மூன்றாமவர் ஏ.இ.டி. கருவிக்கு, அதாவது இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டருக்கு, ஓட வேண்டும்.

'நின்றுவிட்டது' என்கிறோமே தவிர, பலருக்குத் தொடக்க நிமிடங்களில் இதயம் சும்மா கிடப்பதில்லை. கீழறைகளின் தசை இழைகள் ஆளுக்கொரு பக்கமாக நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் மட்டும் நகராது. டிஃபிப்ரிலேட்டரின் ஷாக் அந்தத் தசை முழுவதையும் ஒரே நேரத்தில் தூண்டி, குழப்பத்தை அப்படியே நிறுத்துகிறது. அந்த இடைவெளியில், வலது மேலறையில் இருக்கும் இயற்கையான துடிப்பு மையம் தன் தாளத்தை மறுபடி பிடித்தால் ஆள் பிழைத்தார். மானிட்டரில் கோடு நேராகிவிட்டால் நிறுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. சினிமாவில் அதற்கும் ஷாக் கொடுப்பார்கள், அசல் ஏ.இ.டி. கொடுக்காது.

1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக் ஒரு 14 வயதுச் சிறுவனின் திறந்த நெஞ்சுக்குள் நேரடியாக ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார். 1965-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய கருவியின் எடை சுமார் 70 கிலோ. இன்றைய ஏ.இ.டி.யை ஒரு கையில் தூக்கலாம்.

உள்ளே இருப்பது பேட்டரியும் மின்தேக்கியும். மின்தேக்கி ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி, சில மில்லிசெகண்டுகளில் 120 முதல் 200 ஜூல் வரை ஆற்றலைக் கொட்டுகிறது. மின்னோட்டம் முதலில் ஒரு பக்கமும் பிறகு எதிர்ப்பக்கமும் பாய்வதால் ஒரே பக்கமாகப் பாய்ச்சிய பழைய கருவிகளின் 360 ஜூல் தேவைப்படுவதில்லை. ஆனால் அது நெஞ்சைக் கடந்தாக வேண்டும். பெரியவர்களின் நெஞ்சில் மின்தடை சராசரியாக 70, 80 ஓம்.

மும்பை ஜூன் மாதத்தில் சிக்கலே இங்கேதான். ஷாக்கை நெஞ்சுக்குள் செலுத்தும் ஒட்டுப் பட்டைதான் பேட்; வியர்வையில் அது ஒட்டாது; மின்சாரம் ஈரத்தோலின் மேலாகவே ஓடிவிடும். துண்டோ சட்டையோ, கையில் கிடைத்ததைக் கொண்டு நெஞ்சை நன்றாகத் துடையுங்கள். தேங்கிய மழைநீரில் கிடந்தால் முதலில் வெளியே இழுங்கள். அடர்ந்த முடி இருந்தால் பெட்டியிலுள்ள ரேஸரால் அந்த இடத்தை மட்டும் மழியுங்கள். ஒரு பேட் வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பெண்களுக்கும் இதேதான், தயங்காமல் ரவிக்கையைக் கத்தரிக்க வேண்டும். தாலியைக் கழற்ற நேரம் வேண்டாம், பேட்டில் படாமல் ஒதுக்கினால் போதும். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைத்துத் தெரிந்தால் அதன் மேல் ஒட்டாதீர்கள்.

கருவி பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசும். புரியாவிட்டால் பேட்டிலுள்ள படத்தைப் பாருங்கள். அது தாளத்தைப் படிக்கும்போது யாரும் தொடக்கூடாது. தொட்டால் கணிப்பு கெடும். எல்லோரும் விலகியபின் பொத்தானை அழுத்துங்கள்.

ஷாக் போனதும் நாடி பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தாளம் திரும்பினாலும் பட்டினி கிடந்த இதயத்துக்கு உடனே தள்ளும் வலு இருக்காது. நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு 2 நிமிடத்துக்கும் கருவியே மறுபடி பார்க்கும். அந்த இடைவெளியில் ஆள் மாறிக்கொள்ளுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. நெஞ்சை அழுத்துவதும் ஷாக்கும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

எனவே உங்கள் குடியிருப்பு சொசைட்டியில் ஏ.இ.டி. வாங்கினால் செயலாளர் அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். இரவிலும் ஆள் இருக்கும் வாட்ச்மேன் கேபினே சரியான இடம். பேட்டின் ஜெல் காய்ந்துபோகும், உறையில் காலாவதித் தேதி இருக்கும். கருவி தயாராக இருப்பதைக் காட்டும் விளக்கை வாட்ச்மேன் தினமும் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதி வைக்கட்டும்.