ஸ்பிரிங்கர்: ஒரு சொல், இரண்டு கவை

ரெட்ரோ பாணிக் குரூஸர் மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவரும், கையில் இருக்கும் வண்டியைப் பழங்காலத் தோற்றத்துக்கு மாற்ற நினைப்பவரும் சீக்கிரமே ‘ஸ்பிரிங்கர்’ என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். ஹெட்லைட்டை ஒட்டி, சுருள்கள் வெளியே தெரிய நிற்கும் ஃபோர்க்குக்குத்தான், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்குத்தான், அந்தப் பெயர். ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் என்று பொருள் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் இன்று ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் முன் ஃபோர்க்கிலும் ஸ்பிரிங் இருக்கிறது. அது குழாய்க்குள் எண்ணெயோடு கிடப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கரைத் தனியாகக் காட்டுவது அதன் கால்கள். இதில் ஒன்றன்முன் ஒன்றாக இரண்டு ஃபோர்க்குகள் உண்டு. பின்னால் இருப்பது ஹேண்டில்பாரோடு திரும்பும், ஆனால் மேலும் கீழும் அசையாது. முன்னால் இருப்பது அசையும். இரண்டின் அடிமுனைகளையும் ‘ராக்கர்’ எனப்படும் குட்டையான நெம்பு இணைக்கிறது. சக்கரத்தின் அச்சு அந்த ராக்கரில்தான் உட்கார்ந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் ராக்கர் திரும்பி முன்னால் உள்ள ஃபோர்க்கை மேலே தள்ளும், அது உச்சியில் உள்ள சுருள்களை அமுக்கும். ஒரு பகுதிச் சுருள்கள் அமுக்கத்தைத் தாங்க, மற்றவை திரும்பி வரும் துள்ளலைத் தடுக்கும்.

‘ஸ்பிரிங்’ என்பதற்கு ஆங்கிலத்தில் முதற்பொருளே குதித்தல், துள்ளி எழுதல் என்பதுதான். ஊற்றும் வசந்தமும் கம்பிச்சுருளும் அதிலிருந்து கிளைத்த பொருள்கள். அதே ‘ஸ்பிரிங்கர்’ கட்டடக் கலையில் வளைவு தொடங்கும் கல்லைக் குறிக்கும். வேட்டை நாய் இனம் ஒன்றுக்கும் பெயர். வண்டிக்காரர்கள் வாயில் அது ஃபோர்க்கின் பெயராக ஊன்றியது பெரிதும் ஹார்லி டேவிட்சன் வண்டிகளால். அந்நிறுவனத்தின் பெரிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் 1948 வரை இந்த வகை ஃபோர்க்கோடு வந்தன. 1949-இல் எண்ணெய்க் குழாய் ஃபோர்க் வந்தது. அந்த வண்டிக்கு ‘ஹைட்ரா கிளைடு’ என்று பெயர். பி.எம்.டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் 1935-லேயே எண்ணெய்க் குழாய் வகைக்கு மாறிவிட்டது. பழசாகிப் போன ஸ்பிரிங்கரை ஹார்லி 1988-இல் ‘ஸ்பிரிங்கர் சாஃப்டெயில்’ என்ற பெயரில் கணினியில் மறுபடி வடிவமைத்துக் கொண்டுவந்தது. பொறியியல் தேவை எதுவும் அதற்கு இல்லை. தோற்றத்துக்காகவே வந்தது, ஃபோர்க்கின் பெயர் வண்டியின் பெயராகவும் ஆனது.

தோற்றத்துக்காக வாங்குபவர் இதன் குணத்தையும் சேர்த்தே வாங்குகிறார். சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் குறைவு. ராக்கரின் மூட்டுகளில் உள்ள வளையங்களான புஷ்கள் தேய்ந்தால் ஹேண்டில்பாரில் ஆட்டம் தெரியும், ஆகவே கிரீஸ் வைப்பதை மறக்கக் கூடாது. சுருள் மட்டும் இருந்து ஷாக் அப்சார்பர் இல்லையென்றால் மேட்டைத் தாண்டிய பிறகும் துள்ளல் அடங்காது. மாற்றி அமைக்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது பிரேக்கை. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகமான காலிப்பரை ராக்கரிலேயே இறுக்கிவிட்டால் பிரேக்கின் முறுக்கு ராக்கரைத் திருப்பப் பார்க்கும். வண்டியின் முன்பக்கம் தாழ்வதற்குப் பதில் எழும்பும். அந்த முறுக்கை அசையாத காலுக்குக் கடத்த ஒரு தாங்குதண்டு வேண்டும். ஃபோர்க்கை நீளமாக்கினாலும் ராக்கரை மாற்றினாலும் சக்கரம் தரையைத் தொடும் இடம் திருப்பு அச்சுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்ற கணக்கு மாறும். நீண்ட ஃபோர்க் அழகாக இருக்கிறதே என்று போட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பும்போது வண்டி கையோடு மல்லுக்கட்டுவதாகப் புலம்புவதில் பயனில்லை.

தமிழுக்கு வருவோம். ஃபோர்க்குக்குக் ‘கவை’ இருக்கிறது: இரண்டாகப் பிரிந்த கொம்பு. கவைக்கோல் அப்படித்தான், ‘கவைக்கு உதவாத பேச்சு’ என்பதில் வருவதும் இந்தக் கவைதான் என்பார்கள். ஸ்பிரிங்குக்குப் பாடநூல்களில் ‘சுருள்வில்’. வெறும் ‘வில்’ என்றாலே போதும் என்பதற்கு வில்வண்டி சாட்சி. அடியில் பட்டை ஸ்பிரிங் வைத்த மாட்டு வண்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் யாரும் கலைச்சொல் குழுவைக் கேட்கவில்லை. இரண்டையும் இலக்கணப்படி சேர்த்தால் ‘விற்கவை’ வரும். யாரையோ வண்டியை விற்க வைக்கச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. பிரித்து ‘வில் கவை’ என்றே எழுதலாம்.

ஆனால் ‘வில் கவை’யும் ஆங்கிலப் பெயரின் குறையை அப்படியே சுமக்கிறது: வில் பெரும்பாலான ஃபோர்க்குகளிலும் உண்டு. ‘வெளிவில் கவை’ என்றால் குழாய் ஃபோர்க்கிலிருந்து வேறுபடும்; எனினும் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கர்டர் ஃபோர்க்கும் அதில் அடங்கிவிடும். கர்டரிலும் ஸ்பிரிங் வெளியேதான். அதில் ஒரே கவை முழுதாக மேலே எழும். இரண்டாவது கவை கிடையாது. அதனால் ‘இரட்டைக்கவை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கர்டருக்குச் ‘சட்டகக் கவை’ பொருந்தும். டெலஸ்கோபிக் ஃபோர்க் எனப்படும் குழாய் ஃபோர்க்கைத் ‘தொலைநோக்கிக் கவை’ என்று எழுதிவிடக் கூடாது: அங்கே பார்வைக்கு வேலையே இல்லை, ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைகிறது. ‘செருகு கவை’ போதும்.

உதிரிபாகம் கேட்கும்போது ஸ்பிரிங்கர் என்றே கேளுங்கள். இரட்டைக்கவை என்றால் கடைக்காரருக்குப் புரியாது. எழுதும்போது முதல் முறை இரண்டையும் சேர்த்து ‘ஸ்பிரிங்கர் எனும் இரட்டைக்கவை’ என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் தமிழ்ச் சொல்லை மட்டும் ஆளலாம்.