மழைநீரின் வழியைக் கணக்கிடுவோர் கவனத்துக்கு

வெள்ள அபாய வரைபடம் வேண்டும் என்று வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது தரவின் துல்லியத்தைத்தான். நிலத்தை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்த, லேசர் ஒளியால் அளந்த லைடார் உயரத் தரவு கைவசம் இருக்கிறது என்றதும் அவர்களுக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அந்தத் தரவை எந்த வழிமுறையில் கணக்கிட்டார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பல தவறுகள் நுழைவதோ அந்த இடத்தில்தான்.

10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஆற்றுப்படுகையில் ஒரு மீட்டர் கட்டங்கள் 1,000 கோடி வரும். கட்டத்துக்கு நான்கு பைட் என்று வைத்தாலும், உயரத்தைச் சேமிக்க மட்டுமே 40 ஜிபி வேண்டும். அலுவலகக் கணினியின் நினைவகத்தில் இது அடங்காது. தரவு வன்தட்டிலேயே கிடக்கும். நீரோட்டத்தைக் கணக்கிட, மிக உயரமான கட்டத்தில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரைத் தாழ்வான பக்கத்துக் கட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். உயர வரிசையில் அடுத்து வரும் கட்டம் கோப்பின் எந்த மூலையிலும் இருக்கலாம். வன்தட்டின் முனை அங்கே தாவிச் செல்ல ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும் என்றால், 1,000 கோடித் தாவல்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே 40 ஜிபியை, வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை வரிசையாகப் படித்தால் ஏழு நிமிடம் போதும். வேகமான கணினி வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அலோக் அகர்வாலும் ஜெஃப்ரி விட்டரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டல் கழித்தல்களை எண்ணுவதை விட்டுவிட்டு, வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே எத்தனை தரவுத் தொகுதிகள் போய் வருகின்றன என்பதையே செலவாகக் கொண்டார்கள். அந்த வழியில் லார்ஸ் ஆர்கேயும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய டெர்ராஃப்ளோ என்னும் நீரோட்டக் கணக்கு நிரல், கிராஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளிலேயே கிடைக்கிறது. இதில் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களின் உயரங்களைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். எல்லாக் கட்டங்களும் உயர வரிசையில் அடுக்கப்படும். ஒரு கட்டம் தன் நீரைக் கொடுக்க அண்டைக் கட்டத்தைத் தேடிப் போகாமல், அதன் உயரத்தைக் குறித்து ஒரு முன்னுரிமை வரிசையில், அதாவது உயரமானதை முதலில் எடுத்துத் தரும் பட்டியலில், போட்டுவிடும். தன் முறை வரும்போது அந்தக் கட்டம் தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். தாவல் இல்லை, படிப்பதெல்லாம் வரிசையாக.

படுகையைத் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே கணக்கிடுவது எளிய வழியாகத் தோன்றும். நீர் துண்டின் ஓரத்தில் நிற்காது. மேல் துண்டிலிருந்து வரும் ஆறு கீழ்த் துண்டில் புதிதாகப் பிறந்த ஓடைபோலத் தொடங்கினால், வரைபடத்தை நம்பவே கூடாது. ஓரங்களின் விவரத்தை மட்டும் ஒன்றுசேர்த்துத் தீர்த்து, மீண்டும் துண்டுகளுக்குத் திருப்பியனுப்பும் முறைகள் இருக்கின்றன. அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கண்ணில் படாமலே நடப்பது. ஓரிடத்துக்கு எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்ற எண்ணிக்கையை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக (கணினி தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் முறை) வைத்தால், 1,67,77,216-ஐத் தொட்டதும் அதனோடு ஒன்றைக் கூட்டினாலும் மதிப்பு மாறாது. ஒரு மீட்டர் கட்டத்தில் இது வெறும் 17 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. அதற்குக் கீழே கரையோரத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக வந்து சேரும் நீர் கணக்கிலேயே ஏறாது; மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. 64 பிட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

வழிமுறை சரியாக இருந்தாலும், சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலம் உயரத் தரவில் தெரியாது. கணக்கு அந்தச் சாலையை அணையாக எடுத்துக்கொண்டு, மேற்புறத்தைக் குளமாக நிரப்பி, நீரை வேறு பக்கம் திருப்பிவிடும். டென்மார்க் தன் நாடு முழுவதுக்குமான 0.4 மீட்டர் உயர மாதிரியோடு, சாலைக்கு அடியில் நீர் புகும் இடங்களைக் காட்டும் தனித் தரவையும் தருகிறது. அப்படியொன்று இல்லாத இடங்களில், கணக்கைத் தொடங்கும் முன் பொறியாளர் ஒருவர் சாலை வழியே நடந்து சிறுபாலங்களைக் குறித்து வர வேண்டும். அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.