‘ஃபினிஷ்’: பொன்னுக்கு உரிய சொல் மெருகு

நகை வாங்கும் இடத்தில் ‘மேட் ஃபினிஷ்’, ‘சாட்டின் ஃபினிஷ்’, ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்ற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. தமிழில் எழுதும்போது பலர் இவற்றை ‘மங்கலான பூச்சு’, ‘பட்டுப் பூச்சு’ என்று மாற்றிவிடுகிறார்கள். இது பிழை. ஒன்றின்மேல் வேறொன்றைப் பூசினால்தான் பூச்சு. மேட் ஃபினிஷில் எதையும் பூசுவதில்லை. நுண்மணலை வேகமாகப் பாய்ச்சியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ பொன்னின் மேற்பரப்பையே சற்றுச் சொரசொரப்பாக்குகிறார்கள். ‘கழுவினால் பூச்சு போய்விடுமா?’ என்று வாங்குபவர் அஞ்சுவதற்கு இந்தத் தவறான சொல்லே காரணமாகிவிடுகிறது.

ஃபினிஷ் என்பது லத்தீன் மொழியின் ‘ஃபீனிஸ்’ என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஃபீனிஸ் என்றால் முடிவு, எல்லை. ஒரு பொருளைச் செய்து முடிக்கும் கடைசி வேலை என்று பொருள் விரிந்து, பிறகு அந்த வேலையால் கிடைக்கும் தோற்றத்துக்கே பெயராயிற்று. ஆகவே சொல்லின் வேரிலும் பூசுதல் இல்லை.

தமிழில் இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது ‘மெருகு’. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் பளபளப்பைக் குறிக்கிறது. தெலுங்கில் மின்னலுக்கு ‘மெருபு’ என்று பெயர். ஒளியோடு பிறந்த சொல் இது. ‘ஒப்பமிடுதல்’ என்றும் ஒரு பழைய வழக்கு உண்டு. பொன்னையும் மணியையும் துலக்குவதற்கு அழகான சொல்தான். ஆனால் ஒப்பம் என்றதும் இன்று கையொப்பமே நினைவுக்கு வருவதால் மெருகையே நான் பரிந்துரைப்பேன்.

மெருகு என்றாலே மினுக்கம்தானே, மினுங்காத நகைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். குள்ளமானவரைப் பற்றியும் ‘எவ்வளவு உயரம்?’ என்றுதான் கேட்கிறோம். அதுபோல மெருகைப் பொதுப்பெயராகக் கொண்டு, அதன் வகைகளை அடைமொழியால் பிரிக்கலாம். முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுவது கண்ணாடி மெருகு.

மேட் என்பதைப் பெயர்ப்பதில்தான் கவனம் வேண்டும். பழைய பிரெஞ்சில் ‘மாத்’ என்றால் தோற்றுச் சோர்ந்தது என்று பொருள். சதுரங்கத்தில் அரசன் வீழ்வதைக் குறிக்கும் ‘மேட்’ என்ற சொல்லோடு இதை உறவுபடுத்துவோரும் உண்டு. ‘மங்கிய மெருகு’ என்றால் நாள்பட்டு ஒளி இழந்த நகை என்றே கேட்பவர் நினைப்பார். இங்கே ஒளி இழக்கப்படவில்லை. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பி மின்னுகிறது. சொரசொரப்பாக இருந்தால் பல திசைகளில் சிதறிச் சாந்தமாகத் தெரிகிறது. குரல் தணிவதுபோல ஒளி தணிகிறது. எனவே ‘தணிமெருகு’ என்று சொல்ல விரும்புகிறேன்.

எந்த மெருகைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் இந்த வேறுபாடே அடிப்படை. 22 காரட் பொன்னில் 91.6 சதவீதம் தங்கம். 18 காரட்டில் 75 சதவீதம். தங்கம் கூடும்போது பொதுவாக மென்மையும் கூடும், கீறலும் எளிதில் விழும். தினமும் அணியும் மோதிரத்தில் கண்ணாடி மெருகு வைத்தால் முதல் கீறலே கண்ணை உறுத்தும். தணிமெருகில் சிறு கீறல்கள் மறைந்துகொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: அடிக்கடி உராயும் விளிம்புகள் தாமாகவே வழவழப்பாகி மின்னத் தொடங்கும், திட்டுத்திட்டாகத் தெரியும். காதணி, பதக்கம் போன்று உராய்வு குறைந்தவற்றில் கண்ணாடி மெருகு நெடுநாள் நிற்கும். ஒவ்வொரு முறை உராய்வுத் தூள் கொண்டு மெருகேற்றும்போதும் துளிப் பொன் தேய்ந்து போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. வழவழப்பான கல்லாலோ எஃகுக் கருவியாலோ அழுத்தித் தேய்க்கும் முறையில் அந்த இழப்பு இல்லை.

சாட்டின் ஃபினிஷுக்கு வருவோம். சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தை அரேபியர் ‘ஜைத்தூன்’ என்று அழைத்தனர். அந்தப் பெயரிலிருந்து சாட்டின் என்ற துணிப்பெயர் வந்ததாக அகராதிகள் கூறுகின்றன. நகையில் இது ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளால் ஆனது. தமிழில் இதை ‘இழைமெருகு’ எனலாம். இழை என்றால் நூல். இழைத்தல் என்றால் தேய்த்தல். பழந்தமிழில் இழை என்றால் அணிகலனும்கூட, ஆயிழை, சேயிழை என்ற சொற்களில் இருப்பது அதுதான். மூன்று பொருளும் ஒரே இடத்தில் வந்து பொருந்துவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

பூச்சு என்ற சொல்லுக்கும் உரிய இடம் உண்டு. வெள்ளைத் தங்கத்தின் மேல் மின்முலாமாக ஏற்றும் ரோடியம் என்ற வெண்ணிற உலோகம் உண்மையிலேயே பூச்சு. அது தேய்ந்தால் அடியிலுள்ள வெளிர்மஞ்சள் எட்டிப் பார்க்கும். மீண்டும் முலாம் பூச வேண்டும், மெருகேற்றினால் மட்டும் போதாது.

ஆன்டிக் ஃபினிஷில் நகாசு வேலையின் பள்ளங்களைக் கருமையாக்கி, மேடுகளை மட்டும் துலக்கி விடுகிறார்கள். ‘பழமைத் தோற்றம்’ என்றே இதைச் சொல்லிவிடலாம். இத்தகைய நகையைச் சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, பள்ளத்தில் உள்ள கருமை அழுக்கல்ல, அதைத் தேய்க்க வேண்டாம் என்று பொற்கொல்லரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.