பெருவிழுங்கி

உயிரியல் பாடத்தில் மேக்ரோஃபேஜ் என்று படித்திருப்போம். பெருவிழுங்கி என்பது அதன் தமிழ்ப் பெயர். ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளையணுவாகச் சுற்றிவிட்டு, திசுவுக்குள் இறங்கியதும் உருமாறிப் பெருத்துக்கொள்ளும் செல்கள் இவை. கிருமி, செத்த செல், உடைந்த துணுக்கு என எது கிடந்தாலும் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துச் செரித்துவிடும்.

கிரேக்கத்தில் மாக்ரோஸ் என்றால் பெரியது, நீண்டது. ஃபாகெய்ன் என்றால் தின்பது. இந்த 'ஃபாகஸ்' வேறு இடங்களிலும் தலைகாட்டும். கல்லாலான பழைய சவப்பெட்டிக்குச் சார்க்கோஃபாகஸ் என்று பெயர், நேர்ப்பொருள் 'சதைதின்னி'. தசைச்செல்லின் உறையைச் சார்க்கோலெம்மா என்கிறோமே, அதே சார்க்கோதான்.

பெயருக்குப் பின்னால் இருப்பவர் ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளர் மெச்னிக்கோஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திர மீன் லார்வாவின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. 'தின்னும் செல்' என்ற கருத்துக்கு ஃபேகோசைட் என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொடுத்தவர் வியன்னாவின் விலங்கியல் பேராசிரியர் கார்ல் கிளவுஸ். அப்புறம் மெச்னிக்கோஃப் அதிலேயே பெரியது மேக்ரோஃபேஜ், சிறியது மைக்ரோஃபேஜ் என்று பிரித்தார். சிறியதின் பெயர் நிலைக்கவில்லை. அதை இன்று நியூட்ரோஃபில் என்கிறோம். சாயம் ஏற்றிப் பார்த்து ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் வைத்த பெயர் அது. இந்த இருவருக்கும்தான் 1908இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

தமிழில் இரண்டு வேர்கள் போட்டியிட்டன. இலங்கை வழக்கில் ஃபேகோசைட்டுக்குத் தின்குழியம் என்பார்கள். தமிழ்நாட்டில் விழுங்குசெல், பெருவிழுங்கி. எனக்கு 'விழுங்கு'தான் பொருத்தமாகப் படுகிறது. இந்தச் செல் கடிப்பதுமில்லை, மெல்லுவதுமில்லை. முழுசாக உள்ளே தள்ளிவிட்டுத்தான் செரிக்கிறது. தின்னி என்றாலோ வசைவாடை வேறு வந்துவிடும்.

ஆனால் எலும்புத்தசையில் அடிபட்ட இடத்தைப் பார்த்தால், எந்த மொழியிலும் இந்தப் பெயர் பாதி வேலையைத்தான் சொல்கிறது என்று தெரியும். ஓடும்போது தொடையின் பின்தசை கிழிகிறது என்று வையுங்கள். சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபில்கள் வந்து சேரும். அவற்றைத் தொடர்ந்து மோனோசைட்டுகள் இறங்கிப் பெருவிழுங்கிகளாகும். அந்த இடம் வீங்கும், சுடும், வலிக்கும். அழற்சி என்கிறோமே, அழல் என்றால் நெருப்பு. சொல்லிலேயே சூடு இருக்கிறது.

முதலில் வருபவை அழற்சியைத் தூண்டும் பெருவிழுங்கிகள். சிதைந்த தசைநார்களை, அதாவது நீண்ட தசைச்செல்களை, விழுங்கியபடியே, தசையின் ஓரத்தில் உறங்கிக் கிடந்த சாட்டிலைட் செல்களுக்குப் பெருகச் சொல்லி வேதிச் சமிக்ஞை அனுப்புகின்றன. இந்தச் சாட்டிலைட் செல்கள்தாம் புதுத் தசைநாருக்கு மூலம். 1961இல் தவளைத் தசையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்டு பெயரிட்டவர் அலெக்சாண்டர் மௌரோ. இவற்றைத் துணைச்செல் என்று தமிழாக்க வேண்டாம். அந்தப் பெயரைத் தாவரவியல்காரர்கள், செடியில் உணவைக் கடத்தும் ஃப்ளோயம் திசுவின் ஒருவகைச் செல்லுக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

எலிகளில் பார்த்தவரை, இரண்டு மூன்று நாளில் ஒரு திருப்பம். குப்பையை விழுங்கிய அதே பெருவிழுங்கிகள் குணம் மாறி, அழற்சியைத் தணிப்பவை ஆகின்றன. இப்போது அவை அனுப்பும் சமிக்ஞை வேறு: பெருகியது போதும், முதிர்ந்து ஒன்றோடொன்று இணைந்து நாராகுங்கள் என்பது. இதற்கு ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகளும் கைகொடுக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற இன்னொரு வெள்ளையணுக் கூட்டமும் வந்து சேர்கிறது. எலிகளில் பெருவிழுங்கிகளை அகற்றிவிட்டுப் பார்த்தபோது தசை சரியாக வளரவில்லை; செத்த நார்கள் அப்படியே தேங்கின.

இதை விளக்கும்போது 'படைவீரர்கள் எதிரியைத் தாக்குகிறார்கள்' என்று எழுதுவது நம்மூரில் பழகிப்போன வழக்கம். தசைப்பிளவில் எதிரியே இல்லை. நோயெதிர்ப்பு செல் என்ற பொதுப்பெயரும் இங்கே கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது; எதிர்க்க நோய் எங்கே? பெயரை மாற்றச் சொல்லவில்லை, பழகிய சொல் இருக்கட்டும். இந்த இருவகைக்கும் ஆய்வாளர்கள் வைத்த குறியீட்டை அப்படியே எடுத்து எம்1, எம்2 என்று வெறும் எண்ணாக எழுதாமல் 'அழற்சி தூண்டும் பெருவிழுங்கி', 'அழற்சி தணிக்கும் பெருவிழுங்கி' என்று விரித்து எழுதினால் போதும். உண்மையில் இவை இரண்டு தனி இனமல்ல, நடுவே பல நிலைகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

டுஷென் தசைச்சிதைவு நோயில் அந்த நடுநிலைகளைப் பார்க்கலாம். தசைநாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால் தசைநார்கள் ஓயாமல் கிழிந்துகொண்டே இருக்கும். ஒரு காயம் ஆறுவதற்குள் அருகிலேயே அடுத்த காயம். தூண்டும் பெருவிழுங்கிகளும் தணிப்பவையும் ஒரே இடத்தில் கலந்து நிற்க, திருப்பம் ஒழுங்காக நடப்பதில்லை. தசை இருந்த இடத்தைத் தழும்புத்திசுவும் கொழுப்பும் பிடித்துக்கொள்கின்றன.