புழுவெட்டில் புழு கிடையாது

பாளையங்கோட்டையில் தோல் டாக்டராக இருக்கும் எனக்கு, பூண்டு வாசனை முன்னால் வர, ஆள் பின்னால் வருவது பழகிவிட்டது. போன ஐப்பசியில் முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா, எட்டு வயது மகனோடு வந்தார். பையனின் பின்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லை. அந்த இடம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"புழு அரிச்சிட்டுன்னு சொன்னாவ டாக்டரம்மா. பூண்டை நசுக்கித் தேய்ச்சா செத்துருமாம்லா?"

கொப்புளம், பூண்டு பொசுக்கியதால் வந்தது. முடி போனதற்குக் காரணம் வேறு: புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சின்ன வெங்காயம் தேய்த்து வளர்ந்தது என்பார்கள். ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும். பெயர் வெங்காயத்துக்குப் போய்விடுகிறது. மொட்டை போட்டாலும் வேர் மாறாது. திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், புழுவெட்டுக்காக வேண்டாம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வட்டத்தின் ஓரத்தில் குட்டை முடிகள், நுனி தடித்து வேர்ப்பக்கம் மெலிந்து, ஆச்சரியக்குறி மாதிரி நின்றன. புழுவெட்டுதான். செதில் உதிர்ந்து, முடி ஒடிந்து, அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். படை சீப்பு, தொப்பி வழியாக அடுத்த பிள்ளைக்கும் தொற்றும். பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் களிம்பு மட்டும் போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். புழுவெட்டு யாருக்கும் தொற்றாது. இந்தப் பையனையோ வகுப்பில் தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்! தொற்றாது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அன்று எழுதியதில் முக்கியமான மருந்து அதுதான் என்று இன்னும் நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கு வட்டத்திலேயே ஸ்டீராய்டு ஊசி, 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் களிம்பு. தேவைப்பட்டால் தைராய்டும் பார்ப்போம். தலை முழுக்கக் கொட்டியவர்களுக்கு இப்போது மாத்திரைகள் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது.

முடி வளரும்வரை மறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. வகிடை மாற்றலாம், புருவம் தீட்டலாம், விக் வைக்கலாம். கல்யாணம் நெருங்கிய பெண்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுப்பேன். சாயம் மட்டும், கொப்புளம் ஆறாத தோலில் படக்கூடாது.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா பதறிப்போய் வந்தார். "நரைச்சிட்டே டாக்டரம்மா, எட்டு வயசுல!" வட்டத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை முடி. முதலில் அப்படித்தான் வரும், நிறம் பிறகு ஏறும் என்றேன். பையன் கையை எடுக்காமல் அதையே தடவிக்கொண்டிருந்தான்.